டிவியில் சத்தம் வருது, திரை இருட்டு: எல்இடி ஸ்ட்ரிப்பா, டிரைவரா?

நீலத்திரை:
32 இஞ்ச் எல்இடி டிவி. சத்தம் நல்லா வருது, ரிமோட்டுக்குச் சேனலும் மாறுது, ஆனா திரை முழு இருட்டு. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்துல சாய்ச்சு அடிச்சா மெனு எழுத்து மங்கலா தெரியுது. மல்டிமீட்டரும் சாலிடரிங் அயனும் இருக்கு. திரைக்குப் பின்னால இருந்து வெளிச்சம் தர்ற எல்இடி பட்டை, அதான் ஸ்ட்ரிப், அதை நேரா செட்டா வாங்கி மாத்திடலாமா?

செப்புத்தடம்:
டார்ச்சில் மெனு தெரிந்தால் பேனலும் (படம் காட்டும் கண்ணாடி), படத்தைத் தரும் மெயின் போர்டும் பெரும்பாலும் நலம். கோளாறு ஸ்ட்ரிப்பில் இருக்கலாம், அதற்கு மின்சாரம் தரும் பேக்லைட் டிரைவரிலும் இருக்கலாம். பெரும்பாலும் ஸ்ட்ரிப்தான். ஆனாலும் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பேனலைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட குறட்டால் பிடித்து, கெப்பாசிட்டரின் இரு காலுக்கும் குறுக்கே சில விநாடி வையுங்கள். வோல்ட் இறங்கிவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்குரூடிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பிறகு போர்டிலிருந்து பேனலுக்குள் போகும் இரண்டு அல்லது நான்கு கம்பி கனெக்டரைத் தேடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் பெரிய ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு முனை மெயின் போர்டுக்குப் போகும் கிரவுண்டில், சிவப்பு முனை எல்இடி பிளஸ்ஸில். எல்இடி மைனஸ் என்பது கிரவுண்டு அல்ல, அங்கே கறுப்பு முனையை வைத்தால் கணக்கு தப்பும். டிவியை ஆன் செய்த முதல் இரண்டு மூன்று விநாடிகளைக் கவனியுங்கள்.

வோல்ட் மேலே பாய்ந்து, உடனே 24 அல்லது 12க்கு விழுந்து நின்றால் டிரைவர் வேலை செய்கிறது. எதிரே சர்க்யூட் முடியாததால் வோல்ட் எகிறி, பாதுகாப்பு அதை நிறுத்துகிறது. அப்படியானால் ஸ்ட்ரிப்பில் ஓர் எல்இடி ஓப்பன், அதாவது உள்ளே அறுந்து மின்சாரம் ஓடவில்லை.

தொடக்கத்திலிருந்தே அசையாமல் 24இல் நின்றால் டிரைவர் தொடங்கவே இல்லை. மெயின் போர்டிலிருந்து வரும் பிஎல்-ஆன் பின்னில் (பேக்லைட்டை எரியச் சொல்லும் கம்பி) 3 வோல்ட்டாவது வருகிறதா, டிம் அல்லது ஏடிஜே பின்னில் (வெளிச்ச அளவைச் சொல்வது) சிக்னல் உண்டா என்று பாருங்கள். இரண்டும் வந்தும் வோல்ட் ஏறாவிட்டால் டிரைவர் ஐசி, மாஸ்ஃபெட் (ஸ்விட்ச்போல் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), டயோடு பக்கம் போக வேண்டும்.

பூஜ்யமாகவே இருந்தால் டிரைவருக்கு வரும் சப்ளையே இல்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

ஈயப்புகை:
இன்னொண்ணும் சேர்த்துக்குங்க. இருட்டுல பின்பக்க ஓட்டை வழியா பாருங்க. ஆன் ஆகும்போது ஒரு நொடி மின்னிட்டு அணைஞ்சா, எல்லா எல்இடியும் ஒரே தொடர்ல இருந்தா பெரும்பாலும் ஓப்பன் இல்ல. ஏதோ ஒரு எல்இடி ஷார்ட் ஆகியிருக்கலாம், இல்ல டிரைவரோட அவுட்புட் கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். அந்த கெப்பாசிட்டரை மாத்துறப்ப வோல்ட் ரேட்டிங்கைக் குறைச்சுடாதீங்க.

நீலத்திரை:
அளந்துட்டேன். 90க்கு மேல போயிட்டு 24ல நிக்குது. பின்பக்கம் மின்னவே இல்லை. ஸ்ட்ரிப்தானே? பேனலை எப்படித் தூக்கறது?

செப்புத்தடம்:
ஸ்ட்ரிப்தான். பழுதில் எளிது அதுதான், கஷ்டம் பிரிப்பதில். மாற்றப் போய்க் கண்ணாடியை உடைத்தால் டிவியே போச்சு.

முன் பெசலை (திரையைச் சுற்றியுள்ள சட்டம்) கழற்றியதும் பேனலின் ஓரத்தில் நீளமான மெல்லிய போர்டும், அதைக் கண்ணாடியோடு இணைக்கும் பிலிம் போன்ற ஃப்ளெக்ஸ்களும் தெரியும். அந்த ஃப்ளெக்ஸ் ஒன்று கிழிந்தாலும் திரையில் நிரந்தரக் கோடு விழும். அதனால் போர்டின் திருகுகளையும் கேபிளையும் முதலில் விடுவியுங்கள். போர்டும் பேனலும் ஒன்றாக மேலே வர வேண்டும். இரண்டு பேர், அல்லது உறிஞ்சு கப் இரண்டு. ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள். சுத்தமான மெத்தென்ற துணிமேல் தட்டையாகக் கிடத்துங்கள்.

அடுத்து, பேனலுக்கும் எல்இடிக்கும் நடுவில் வெளிச்சத்தைப் பரப்பும் ஷீட்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஓரக் காதுகள் எந்த மூலையில் இருந்தன, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது முக்கியம். தடித்த டிஃப்யூசர் தட்டு எப்போதும் எல்இடிக்கு அருகில். துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். தூசியை ஊதித் தள்ளினால் போதும்.

நீலத்திரை:
திறந்தாச்சு. 2 ஸ்ட்ரிப், ஒவ்வொண்ணுலயும் 6 எல்இடி. மீட்டர் டயோடு மோடுல எதுவுமே எரியலை. எல்லாமே போயிடுச்சா?

ஈயப்புகை:
பதறாதீங்க. அது 6 வோல்ட் எல்இடியா இருக்கும். மீட்டரோட டயோடு மோடு தர்ற வோல்ட் அதுக்குப் பத்தாது. 3 வோல்ட் எல்இடியே சில மீட்டர்ல மினுக்குன்னுதான் தெரியும். எல்இடி டெஸ்டர் ஒண்ணு வாங்குங்க, அது மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும். ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்தா எரியாதது எது, ஒண்ணுக்கு எத்தனை வோல்ட்னு ரெண்டும் தெரிஞ்சுடும். செத்ததுல பெரும்பாலும் நடுவுல கறுப்புப் புள்ளி இருக்கும்.

நீலத்திரை:
ஆமா, ஒண்ணு மட்டும்தான் எரியலை, நடுவுல கறுப்பு. மத்தது 6 வோல்ட் சுமாரா காட்டுது. அந்த ஒண்ணை மட்டும் கம்பி வச்சு ஷார்ட் பண்ணிடலாமா? மத்ததுக்கு மின்னோட்டம் கூடிடுமா?

செப்புத்தடம்:
எல்லாம் ஒரே தொடரில் இருந்தால் மின்னோட்டம் அதிகமாகாது. டிரைவர் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும், மொத்த வோல்ட் மட்டும் 72இலிருந்து 66க்கு இறங்கும். ஆனால் திரையில் அந்த இடம் மங்கும். மற்ற 11ம் அதே வெப்பத்தில் கிழடு தட்டியவை, ஒவ்வொன்றாகப் போகும். ஒவ்வொரு முறையும் பேனலைத் தூக்கும் ஆபத்து ஏன்? இரண்டு ஸ்ட்ரிப்பையும் மாற்றுங்கள்.

வாங்கும்போது ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். எண்ணில் கிடைக்காவிட்டால் எல்இடி எண்ணிக்கை, வோல்ட், நீளம், இடைவெளி, ஒவ்வோர் எல்இடியையும் மூடியிருக்கும் லென்ஸின் வகை எல்லாம் பொருந்த வேண்டும். 6 வோல்ட்டுக்குப் பதில் 3 வோல்ட் ஸ்ட்ரிப்பைப் போட்டால் மொத்தம் 36தான் வரும். டிரைவர் தன் 24 வோல்ட் சப்ளையை ஏற்றித் தருவது, 36 அதற்கு மேலே என்பதால் எரியக்கூடும், ஆனால் 6 வோல்ட் எல்இடிக்கான மின்னோட்டம் அதற்கு ஒத்து வராமல் போகலாம்.

ஒட்டும்போது பழைய பசையைச் சுரண்டி, வெப்பம் கடத்தும் இரட்டைப் பக்க டேப்பில் பின்பக்க உலோகத் தட்டோடு முழுக்க ஒட்ட வேண்டும். தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் எல்இடி முதலில் வேகும்.

ஈயப்புகை:
மாத்தினதும் மெனுவுல பேக்லைட்டைக் குறைங்க. பிரைட்னஸைக் குறைக்கறதால பல மாடல்ல படத்தோட கறுப்பு மட்டும்தான் மாறும், எல்இடிக்குப் பிரயோஜனம் இல்லை.

மெனுவுல அந்த வசதி இல்லேன்னா டிரைவர்ல எல்இடி மைனஸ் பக்கம் கிரவுண்டுக்குப் போற சென்ஸ் ரெசிஸ்டரைப் (மின்னோட்டத்தை டிரைவர் அளந்துக்கறது இதுலதான்) பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மூணு இணையா இருக்கும். உதாரணமா 2.2 ஓமும் 4.7 ஓமும் சேர்ந்தா கிட்டத்தட்ட 1.5 ஓம். 4.7ஐ எடுத்துட்டா 2.2 மட்டும், மின்னோட்டம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறையும். கண்ணுக்கு அவ்வளவா வித்தியாசம் தெரியாது, எல்இடிக்கு ஆயுசு கூடும். எல்லாத்தையும் எடுத்துடாதீங்க, பேக்லைட்டே வராது. காயில் பக்கத்துல மாஸ்ஃபெட் காலோட இருக்கற 0.1, 0.2 ஓம் ரெசிஸ்டர் வேற, அதைத் தொடாதீங்க.

நீலத்திரை:
சரிங்க. பேனலை மூடறதுக்கு முன்னாடி சோதிச்சுக்கலாமா?

செப்புத்தடம்:
கட்டாயம். டெஸ்டரை ஸ்ட்ரிப்பின் கனெக்டரில் கொடுத்துப் பத்து நிமிடம் எரிய விடுங்கள், நேராக உற்றுப் பார்க்காதீர்கள். மினுக்குவது, நிறம் நீலமாக ஓடுவது இருந்தால் அந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு லென்ஸையும் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடுவது பிற்பாடு கழன்று விழுந்தால் திரையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஆடினால் எபாக்ஸிப் பசையை அந்த லென்ஸின் மூன்று கால்களில் மட்டும் வையுங்கள், எல்இடியின் மேல் படக் கூடாது.