ஆனி மாதம் கிளிநொச்சிச் சந்தைக்கு மகளைக் கூட்டிப் போக ஆசை

பரந்தன் பேத்தி:
வணக்கம். ஆனியில் இரண்டு கிழமை பரந்தனில் பெரியம்மா வீட்டில் நிற்கப் போகிறோம். நான் பதினொரு வயதில் ஊரைவிட்டுப் போனவள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது மகளுக்கு அதே வயது. கத்தரிக்காயைப் பிளாஸ்டிக் தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். எத்தனை மணிக்குப் போகலாம்? அந்த மாதத்தில் என்ன வரும்?

ஏ9 வாசி:
விடிய ஆறரைக்குள் போய்விடுங்கள். ஒன்பதுக்குப் பிறகு வெயில் ஏறிவிடும், கீரை எல்லாம் வாடிவிடும். துணிப்பை இரண்டும் சில்லறையும் கொண்டுபோங்கள்.

வட்டக்கச்சி அக்கா:
தங்கச்சி, நல்ல காலத்தில்தான் வருகிறீர்கள். ஆனி என்றால் பாலைப்பழம். காட்டுக் கரை ஊர்களில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்து சுண்டு என்கிற சின்ன அளவுப் பேணியால் அளந்து விற்பார்கள். மஞ்சளாக, சின்னவிரல் நுனியளவு இருக்கும். தேன் போல இனிப்பு, ஆனால் பால் ஒட்டும். மகளின் உதட்டில் முதலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிவிடுங்கள். கரடிக்கும் இந்தப் பழம் என்றால் உயிர். ஒன்று மட்டும் விற்பவரிடம் கேளுங்கள்: ஏறிப் பிடுங்கியதா, கொப்பை வெட்டி விழுத்தியதா என்று. வெட்டியது என்றால் நான் வாங்கமாட்டேன். பாலை மெதுவாக வளரும் மரம். ஒரு கொப்பு திரும்ப வர எத்தனை வருடம் வேண்டும்!

நானும் கிழமையில் இரண்டு நாள் சந்தையில் சாக்கு விரித்து இருப்பவள்தான். முதல்நாள் பின்னேரம் பயற்றங்காய் பிடுங்கி ஈரச்சாக்கால் மூடி வைப்பேன். விடிய நாலு மணிக்கு லாம்பு வெளிச்சத்தில் பொன்னாங்காணியும் முளைக்கீரையும் பிடி பிடியாகக் கட்டுவேன். சனம் வந்து பயற்றங்காயில் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்க்கும். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். சில வியாபாரிகள் அதற்குக் கோபிப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கத்தான் விருப்பம். கத்தரிக்காய் என்றால் காம்பைத் தொட்டுப் பாருங்கள். பச்சையாக இருந்து முள் கையில் குத்தினால் புதுக்காய். மகளையே தெரிவு செய்யவிடுங்கள்.

மீன் பக்கமும் கட்டாயம் போங்கள். குளத்து விராலும் ஜப்பான் மீனும் வரும். ஜப்பான் என்று நாங்கள் சொல்வது திலாப்பியாவை. 1952இல்தான் அது இலங்கைக்கே வந்தது. இன்றைக்கு அது இல்லாமல் வன்னியில் மீன்குழம்பு ஏது? விரால் உயிரோடு துள்ளும், பிள்ளை பயப்பட்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

முத்தையன்கட்டான்:
அக்கா சொன்னது போல, சாக்கு விரித்து இருப்பவர்களிடமே வாங்குங்கள். போன வருடம் ஒரு சந்தைக்கு நூறு கிலோ பூசணிக்காய் கொண்டுபோனேன். பத்துக் கிலோ ‘கழிவு’ என்று கழித்துவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு தந்தார்கள். அழுகல் ஒன்றுகூட இல்லை. கிணற்றில் இருந்து தண்ணீர் இறைத்த டீசல் காசு யாருடையது? அதனால்தான் சொல்கிறேன், விளைவித்தவரின் கையில் நேராகக் காசு கொடுங்கள். விலை குறைத்துக் கேட்காதீர்கள். இன்னொன்று, முடிந்தால் வைகாசியிலேயே வாருங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கச்சான் (நிலக்கடலை) கடைகள் வரிசையாக இருக்கும். சுடுமணலில் வறுத்த கச்சானைக் கடதாசிச் சுருளில் வாங்கி, சூடு ஆறமுன் உடைத்துச் சாப்பிட்டால்தான் ருசி.

பரந்தன் பேத்தி:
வாசிக்கும்போதே கண் கலங்குகிறது. பள்ளிக்கூட விடுமுறை ஆனியில்தான், வைகாசியில் வர முடியாது. அக்கா, உங்களை எங்கே தேடுவது?

வட்டக்கச்சி அக்கா:
செவ்வாயும் வெள்ளியும் வருவேன். வாசலுக்குக் கிட்ட ஊதாக் குடை ஒன்று நிற்கும். மகளுக்கு ஒடித்துப் பார்க்க ஒரு பிடி பயற்றங்காய் தனியாக எடுத்து வைக்கிறேன்.