சொந்த கேம் எஞ்சினைச் சோதிக்க: குட்டி டெமோக்களா, தானியங்கிச் சோதனையா?

பிக்சல்_மடிவாளா:
சி++17, எஸ்டிஎல்2 (விண்டோ, கீபோர்டு, ஒலியைக் கையாளுற லைப்ரரி), ஓப்பன்ஜிஎல் 3.3 (கிராஃபிக்ஸ் சிப்புல படம் வரைய) வச்சு ஒரு 2டி கேம் எஞ்சின் எழுதிட்டு இருக்கேன். ஸ்ப்ரைட் (நகர்ற படங்கள்), டைல் மேப் (சின்னக் கட்டங்களை அடுக்கின தளம்), பெட்டி மோதல், ஒலி, கீபோர்டு எல்லாம் ஓடுது. அடுத்த மாசம் பெங்களூரு கோரமங்களாவுல நம்ம ஆளுங்க ஏழெட்டு பேர் அவங்கவங்க லேப்டாப்புல ஓட்டிப் பார்க்கப் போறாங்க. அதுக்குள்ள எஞ்சினை எப்படிச் சோதிக்கிறது நல்லது? ஒரு பிளாட்ஃபார்மரை (குதிச்சுத் தாண்டுற கேம்) முழுசா எழுதிடலாமா, குட்டி டெமோக்களா போடலாமா, இல்ல யூனிட் டெஸ்ட் (ஒவ்வொரு பகுதியையும் தானா சரிபார்க்கிற கோடு) மட்டும் போதுமா?

அல்சூர்க்காரன்:
குட்டி டெமோதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். முழு கேம்ல ஒரு பிழை வந்தா அது எஞ்சின்ல இருக்கா, கேம் கோடுல இருக்கான்னு பிரிச்சுப் பார்க்கவே பாதி நேரம் போயிடும். ஒரு டெமோ ஒரே ஒரு பகுதியைப் பிடிச்சு உலுக்கணும். முந்நூறு வரிக்கு மேல போகக் கூடாது. மெனு, ஸ்கோர், தலைப்புப் படம் எதுவும் வேண்டாம்.

பாங்ல ஆரம்பி. 1972-ல அட்டாரி கொண்டுவந்த அதே ரெண்டு மட்டை, ஒரு பந்து. பந்து 8 பிக்சல், மட்டை 16 பிக்சல் தடிமன், ஃபிக்ஸட் ஸ்டெப் 60 ஹெர்ட்ஸ், அதாவது ஆட்டக் கணக்கு வினாடிக்கு 60 தடவை சம இடைவெளியில ஓடணும். வினாடிக்கு 300 பிக்சல்ல பந்தை விட்டு, ஒவ்வொரு அடிக்கும் வேகத்தை 10 சதவீதம் ஏத்து. உச்ச வரம்பு வைக்காதே. 17 அடி ஆனதும் வேகம் 1500-ஐத் தாண்டிடும். ஸ்டெப்புக்கு 25 பிக்சல். பந்தும் மட்டையும் சேர்ந்தே 24 பிக்சல்தான். ஒரு ஸ்டெப்ல பந்து மட்டைக்கு முன்னாடி, அடுத்த ஸ்டெப்ல பின்னாடி, நடுவுல மோதல்னு ஒண்ணு நடக்கவே இல்ல. பந்து போன பாதை முழுக்க மோதலைத் தேடுற ஸ்வெப்ட் சோதனை உன் எஞ்சின்ல ஒழுங்கா இருக்கான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

ஸ்டாக்டிரேஸ்:
இந்த உதாரணமே உங்கள் கட்சிக்கு எதிராகத்தான் நிற்கிறது. 17 அடிக்குப் பிறகு வேகம் சுமார் 1516, அதாவது ஸ்டெப்புக்கு 25.27 பிக்சல். 24-ஐ மிஞ்சுவது 1.27 மட்டுமே. ஆகவே அந்த வேகத்தில் பந்து ஊடுருவ இருபதில் ஒரு வாய்ப்புதான் உண்டு; அடுத்த அடியில் அது ஏழில் ஒன்றாகும். 1280 பிக்சல் அகலத் திரையை ஒரு வினாடிக்குள் கடக்கும் பந்தை விடாமல் 17, 18 முறை திருப்பி அடிப்பவர் எத்தனை பேர்? ஊடுருவினாலும் 'நான்தான் தவறவிட்டேன்' என்று எண்ணிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிழை அப்படியே இருக்கும்.

விண்டோவே திறக்காமல் மோதல் பகுதியை மட்டும் ஓட்டுங்கள். வேகத்தை 1516-இல் நிறுத்தி, பந்தின் தொடக்க இடத்தை 0.1 பிக்சலாக நகர்த்தி 253 இடங்களிலிருந்து மட்டையை நோக்கி விட்டால் ஒரு ஸ்டெப் தூரம் முழுவதும் அடங்கிவிடும். ஸ்வெப்ட் சோதனை இல்லாத எஞ்சினில் பன்னிரண்டு பதின்மூன்று இடங்கள் தோற்கும். ஓடி முடிய ஒரு வினாடிகூட ஆகாது, ஒவ்வொரு பில்டுக்கும் (கம்பைல் செய்த பதிப்புக்கும்) மறுபடி ஓட்டலாம்.

அல்சூர்க்காரன்:
கணக்கு சரி. ஆனா அந்த டெஸ்ட்டை எழுதணும்னு எப்படித் தோணுது? இப்படி ஒரு பிழை வரும்னு முன்னாடியே தெரிஞ்சதால. தெரியாத பிழைக்கு யார் டெஸ்ட் எழுதுவாங்க?

விண்டோஸ்ல தலைப்புப் பட்டையைப் பிடிச்சு விண்டோவை இழுங்க. விடுற வரைக்கும் ஈவென்ட் லூப் (கீ, மவுஸ் செய்திகளை வாங்கி ஆட்டத்தை ஓட்டுற சுழல்) நின்னுடும். மூணு வினாடி பிடிச்சிருந்தா, விட்டதும் 180 ஸ்டெப்பு ஒரே மூச்சுல ஓடும். பந்து எங்கேயோ போய் நிக்கும். ஒரு ஃப்ரேம் நேரத்துக்கு 0.25 வினாடின்னு வரம்பு வச்சா 15 ஸ்டெப்போட நிக்கும். இதை டெஸ்ட் கண்டுபிடிக்காது, விளையாடுறவன் கைதான் கண்டுபிடிக்கும்.

கீபோர்டும் அப்படித்தான். ஃப்ரேமுக்கு ஒரு தடவை கீ நிலையைப் பார்க்கிற எஞ்சின்ல, ரெண்டு பார்வைக்கு நடுவுல அழுத்தி விட்ட தட்டு காணாமப் போயிடும். 30 எஃப்பிஎஸ்ல (வினாடிக்கு 30 ஃப்ரேம்) அந்த இடைவெளி 33 மில்லிசெகண்ட், ரொம்ப வேகமான தட்டு சிலது அதுக்குள்ளேயே முடிஞ்சிடலாம். கீ அழுத்தினதும் வர்ற கீடவுன் ஈவென்டைச் சேர்த்து வச்சு அடுத்த ஸ்டெப்புக்குக் கொடுத்தாத்தான் சரியாகும். உங்க டெஸ்ட் 'ஜம்ப்'னு நேரா ஊட்டிடும், கீபோர்டு பக்கமே வராது. இன்னொண்ணு: மலிவான கீபோர்டு பலதுல இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ் மூணையும் சேர்த்து அழுத்தினா ஒண்ணு போய்ச் சேராது. அது எஞ்சின் தப்பு இல்ல, ஆனா கீயை மாத்திக்க வழி வைக்கணும்னு டெமோ ஓட்டினாத்தான் புரியும்.

ஒலிக்கு வாங்க. 44100 ஹெர்ட்ஸ்ல பஃபர் (ஒலியைச் சேர்த்து வச்சு அனுப்புற இடம்) 2048 சாம்பிள்னா 46 மில்லிசெகண்ட். எல்லா டெஸ்ட்டும் பாஸ். பந்து பட்ட பிறகு 'டொக்' தனியா வர்றதைக் காதுதான் சொல்லும். 512-க்கு இறக்கினா 11.6 மில்லிசெகண்ட், ஆனா பழைய மெஷின்ல கரகரன்னு உடையலாம். எதுல நிறுத்துறதுன்னு உட்கார்ந்து ஓட்டித்தான் முடிவு பண்ணணும்.

ஸ்டாக்டிரேஸ்:
கீபோர்டையும் ஒலியையும் ஏற்கிறேன். நான் எதிர்ப்பது வேறொன்றை: ஆடி முடித்ததும் தடயமே இல்லாமல் போகும் டெமோவை. நாளை மோதல் கோடில் ஒரு வரி மாறினால் எல்லா டெமோக்களையும் மறுபடி கையால் ஆடிப் பார்ப்பீர்களா? இரண்டு வாரம் செய்வீர்கள், பிறகு விட்டுவிடுவீர்கள்.

1993-இல் வந்த டூம் என்ற சுடும் விளையாட்டு இதற்கு வழி காட்டியிருக்கிறது. வினாடிக்கு 35 டிக், அதாவது ஸ்டெப். ஒவ்வொரு டிக்கிலும் ஆடுபவர் கொடுத்த இன்புட் 4 பைட்டாகப் பதிவாகும். தற்செயல் எண்கள் 256 எண்கள் கொண்ட நிலையான அட்டவணையிலிருந்து வரும். படம் எதையும் சேமிக்காமல் இன்புட்டை மட்டும் திரும்ப ஊட்டினாலே முழு ஆட்டமும் அச்சாக மறுபடி நடக்கும். அதையே செய்யுங்கள். எட்டு பட்டன் என்றால் ஸ்டெப்புக்கு ஒரு பைட். மூன்று நிமிட ஆட்டம் 10,800 பைட், அதோடு ஒரு சீட் (தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்). 60 ஸ்டெப்புக்கு ஒருமுறை எல்லாப் பொருள்களின் இடத்தையும் வேகத்தையும் சேர்த்து ஒரு ஹேஷ் (எல்லாவற்றையும் சுருக்கிய ஒரே எண்) எழுதிவையுங்கள். அடுத்த பில்டில் அதே இன்புட்டை ஓட்டி ஒப்பிட்டால் எந்த வினாடியில் ஆட்டம் பிரிந்தது என்று வந்து நிற்கும்.

அல்சூர்க்காரன்:
ஈர்ப்பு விசையை 980-லருந்து 1000 ஆக்கினா எல்லா ரெக்கார்டிங்கும் குப்பைக்குப் போகும். அதையும் சொல்லுங்க.

ஸ்டாக்டிரேஸ்:
டெமோவின் எண்களை ஏன் மாற்ற வேண்டும்? அது எஞ்சினைச் சோதிக்கும் கருவி. குதிக்கும் உயரம் நன்றாக இல்லையென்றால் அதை மெருகேற்ற வேறொரு டெமோ எழுதுங்கள். பதிவு உள்ள டெமோவில் கை வைக்காதீர்கள்.

பிக்சல்_மடிவாளா:
டீபக் பில்டுல (பிழை தேடுற பதிப்பு) பதிவு பண்ணினதை ரிலீஸ் பில்டுல (வெளியிடுற பதிப்பு) ஓட்டினா ஹேஷ் வேற வருது. எங்கே தேடணும்?

ஸ்டாக்டிரேஸ்:
முதலில் மதிப்புக் கொடுக்காத வேரியபிள். விஷுவல் ஸ்டூடியோவின் டீபக் பில்ட் ஸ்டாக் மெமரியை 0xசிசி என்று நிரப்பும், ரிலீஸில் பழைய குப்பை அப்படியே இருக்கும். ஆகவே நடத்தை மாறும். லினக்ஸில் கிளாங் கம்பைலரின் மெமரி சானிடைசரோ வேல்கிரைண்ட் கருவியோ வரி எண்ணோடு காட்டிவிடும்.

அது இல்லையென்றால் வரிசை. பாயின்டரைக் (மெமரி முகவரியைக்) கீயாக வைத்த அன்ஆர்டர்ட் மேப்பில் (வரிசை உறுதியில்லாத தொகுப்பில்) பொருள்களைச் சுற்றினால், மெமரி முகவரி மாறும்போது மோதல்களைத் தீர்க்கும் வரிசையும் மாறும். ஐடி வாரியாக அடுக்கிய வெக்டர் போதும். தற்செயல் எண்ணுக்குச் சி-யின் ரேண்ட் ஃபங்ஷனைத் தொடாதீர்கள். சி++ நூலகத்தின் எம்டி19937 ஒரே சீட்டுக்கு எல்லாக் கம்பைலரிலும் ஒரே எண்களைத்தான் தரும், இயல்பு சீட்டில் 10000ஆவது எண் 4123659995 என்று தரநிலையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் மேல் போடும் யூனிஃபார்ம் டிஸ்ட்ரிப்யூஷனுக்கு அந்த உறுதி கிடையாது. வரம்புக்குள் கொண்டுவரும் கணக்கை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மிதவைப்புள்ளி, அதாவது தசம எண் கணக்கு. துல்லியத்தை விட்டு வேகம் தேடும் ஃபாஸ்ட்-மேத் கொடியை எடுத்துவிடுங்கள். ஜிசிசி கம்பைலரில் எஃப்பி-கான்ட்ராக்ட்டை ஆஃப் ஆக்குங்கள். இல்லையேல் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்துக் கடைசி பிட்டை மாற்றலாம். இவ்வளவுக்குப் பிறகும் வேறு வேறு கம்பைலர்களின் ஹேஷை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு கம்பைலருக்கும் தனிப் பதிவு.

விவேக்நகர்:
ரெண்டு பேருமே ஜிபியூவை (கிராஃபிக்ஸ் சிப்பை) தொடவே இல்லையே. கோரமங்களாவுல முதல்ல சறுக்கப் போறது அங்கேதான்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல வாங்கின இரண்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப்போட ஒருத்தர் வந்தா, அதுல இன்டெல் எச்டி 3000 கிராஃபிக்ஸ். விண்டோஸ்ல அதோட டிரைவர் ஓப்பன்ஜிஎல் 3.1 வரைக்கும்தான், 3.3 கேட்டா கான்டெக்ஸ்டே (படம் வரையத் தேவையான இணைப்பு) கிடைக்காது. அதே சிப்பு லினக்ஸோட மெசா டிரைவர்ல 3.3 கொடுக்கும். கான்டெக்ஸ்ட் கிடைக்கலைன்னா கறுப்பு விண்டோவோட செத்துப் போகாம, எந்த வெர்ஷன் கேட்டோம், எது கிடைச்சதுன்னு ஒரு செய்திப் பெட்டி காட்டணும். என்விடியா டிரைவர் கண்டுக்காம விடுற சில ஷேடர் (ஜிபியூல ஓடுற குட்டி புரோகிராம்) தப்பை மெசா ஏத்துக்காது, அதனால எழுதுறது என்விடியாலன்னா மெசாலயும் ஒரு தடவை ஓட்டுங்க.

டைல் மேப் டெமோவுல கேமராவை ஸ்டெப்புக்கு 0.3 பிக்சலா நகர்த்துங்க. டைலுக்கு நடுவுல மெல்லிசா கோடு மின்னினா, அட்லஸ்ல (எல்லா டைலையும் அடுக்கின ஒரே படம்) பக்கத்து டைலோட நிறம் கசியுது. ஒவ்வொரு டைலோட ஓரத்தையும் ஒரு பிக்சல் வெளியே இழுத்து அட்லஸை அடுக்கினா போயிடும். அப்புறம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்: லாஜிக்கை ஃப்ரேமோட கட்டியிருந்தா ஆட்டம் 2.4 மடங்கு வேகமா ஓடும். கரண்ட் போய் சார்ஜர் அணையற நிலைமையையும் பாருங்க. பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில ஓட்டினா பல லேப்டாப்புல சிபியூ வேகம் இறங்கும், ஃபிக்ஸட் ஸ்டெப் தாங்குதான்னு உடனே தெரியும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனி டெமோ கட்டாயம் வேணும். 'கொடி', 'பெட்டி', 'ஸ்ரீ' இந்த மூணும் திரையில ஒழுங்கா வரணும். எழுத்துருவிலிருந்து ஒவ்வொரு குறியீட்டையும் வரிசையா எடுத்துப் போட்டா கொம்பு ககரத்துக்குப் பின்னாடி போய் உட்காரும். எழுத்துகளைச் சரியா சேர்த்து அடுக்குற ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு லைப்ரரி இல்லாம இது சரியாகாது. விண்டோஸ் யூசர் பேரைத் தமிழ்ல வச்சிருக்கிறவங்க மெஷின்ல சேவ் ஃபைல் திறக்குதான்னும் பாருங்க. சி-யோட எஃப்ஓப்பன் ஃபங்ஷனுக்கு யூடிஎஃப்-8 பாதையைக் கொடுத்தா அங்கே பொதுவா திறக்காது, எஸ்டிஎல்-லோட ஃபைல் ஃபங்ஷன் திறக்கும்.

அல்சூர்க்காரன்:
பார்த்தீங்களா, விவேக்நகர் சொன்னதுல ஒண்ணாவது விண்டோ இல்லாத டெஸ்ட்ல சிக்குமா?

ஸ்டாக்டிரேஸ்:
சிக்காது. அதே போல, லெவலை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஆயிரம் முறை செய்யும் சோதனையை எந்த மனிதரும் கையால் செய்யமாட்டார். 2048-க்கு 2048 டெக்ஸ்சர் (ஜிபியூவில் ஏற்றும் படம்) ஒன்று, பிக்சலுக்கு 4 பைட்டென்றால், 16 எம்பி; இறக்கும்போது அதை விடுவிக்க மறந்தால் அறுபது ஏற்றத்தில் கிட்டத்தட்ட ஒரு ஜிபி போயிருக்கும். பதினைந்து நிமிடம் ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது.

பிக்சல்_மடிவாளா:
அப்போ பாங், டைல் மேப், தமிழ் எழுத்து, லெவல் ஏத்தி இறக்குறது, இந்த நாலு. இன்புட்டைப் பதிவு பண்ற ரெக்கார்டரை எப்போ எழுதணும்?

அல்சூர்க்காரன்:
நாலும் முடிஞ்ச பிறகு. இன்புட் பகுதி இன்னும் மாறும். ரெக்கார்டரை முன்னாடியே எழுதினா அதையும் சேர்த்து மாத்திக்கிட்டே இருக்கணும்.

ஸ்டாக்டிரேஸ்:
பாங் முடிந்த அன்றே. ஸ்டெப்புக்குள் கீபோர்டை நேரடியாகப் படிக்கும் கோடு ஒரு வரி நுழைந்துவிட்டால், பிறகு அதைப் பிடுங்குவது பெரும்பாடு. ரெக்கார்டர் முதலிலேயே இருந்தால் அந்த வரி நுழையவே முடியாது. கோரமங்களாவுக்கும் அது வேண்டும்: எஃப்9 அழுத்தினால் அந்த ஆட்டம் தொடங்கியதிலிருந்து வந்த இன்புட், சீட், பில்ட் எண் மூன்றும் ஒரு கோப்பாக விழட்டும். கடைசி முப்பது வினாடி மட்டும் போதாது, தொடக்க நிலை இல்லாமல் திரும்ப ஓட்ட முடியாது. கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பில்டின் எக்ஸி கோப்பையும் வைத்திருங்கள்.

அல்சூர்க்காரன்:
எஃப்9 எனக்கும் சம்மதம். ஆனா சில லேப்டாப்புல எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்தினாத்தான் எஃப்9 வரும். டேப் கீக்கு மாத்திடு தம்பி.