டெக்சாஸ் எல்எல்சி பணம் தரவில்லை: ஃபெடரல் கோர்ட்டா, ஸ்டேட் கோர்ட்டா?

எடிசன்வாசி:
வணக்கம். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், கிரீன் கார்டு, இந்தியக் குடியுரிமை. டெக்சாஸ் பிளேனோவில் இருக்கும் ஒரு சின்ன எல்எல்சிக்கு (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி) வீட்டிலிருந்தே 1099-இல், அதாவது சம்பள ஊழியராக இல்லாமல் தனி ஒப்பந்தக்காரராக, சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுத்தேன். 92,000 டாலர் பாக்கி, கேட்டால் இன்று நாளை என்று இழுக்கிறார்கள். வேறு வேறு மாநிலம், தொகையும் 75,000-க்கு மேல், அதனால் ஃபெடரல் கோர்ட்டிலேயே போடு என்கிறார் நண்பர் ஒருவர். இங்கே நியூஜெர்சியில், நியூவர்க் ஃபெடரல் கோர்ட்டில் போடலாமா? ஒப்பந்தத்தில் 'வழக்கு எதுவானாலும் காலின் கவுண்டி நீதிமன்றங்களில் மட்டும்' என்று ஒரு வரி வேறு இருக்கிறது, பிளேனோ இருக்கும் கவுண்டி அது.

கோர்ட்வாசல்:
நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். கார்ப்பரேஷன் என்றால் எங்கே பதிவு, தலைமையகம் எங்கே என்று பார்த்தால் போதும். எல்எல்சிக்கு அப்படி இல்லை, அதன் பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்துக் குடிமகன் என்றுதான் பார்ப்பார்கள், பிளேனோ முகவரிக்கு அங்கே மதிப்பே கிடையாது. அப்புறம் உங்கள் கிரீன் கார்டு. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் வெளிநாட்டவர்தான், ஆனாலும் எதிர்த்தரப்பில் நியூஜெர்சியிலேயே நிரந்தரமாக வசிக்கும் ஓர் அமெரிக்கக் குடிமகன் இருந்தால் ஃபெடரல் கோர்ட் இந்த வழக்கை எடுக்காது. பங்குதாரர்கள் யார் யார்?

எடிசன்வாசி:
இரண்டு பேர் சார். ஒருவர் சிட்டிசன், இங்கே நியூஜெர்சி பிரின்ஸ்டனில் வீடு. இன்னொருவர் நம்ம ஊர்க்காரர், எச்1பி வேலை விசாவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறார். அவர்களே ஆட்சேபிக்காமல் விட்டுவிட்டால் நடத்தலாம் அல்லவா?

கோர்ட்வாசல்:
அப்படியானால் கதவு இரண்டு பக்கமும் மூடிவிட்டது. பிரின்ஸ்டன்காரரால் ஒரு தடை. அவர் இல்லாவிட்டாலும் எச்1பிக்காரரும் வெளிநாட்டவர், நீங்களும் வெளிநாட்டவர், அதுவும் செல்லாது. ஆட்சேபிக்காமல் விடுவது பற்றி: எந்த ஊர் கோர்ட் என்கிற வென்யூவையும், பிரதிவாதி மீது அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா என்பதையும் அவர்கள் முதல் பதிலிலேயே கிளப்பாவிட்டால் அந்த உரிமை போச்சு. ஆனால் வழக்கையே விசாரிக்கும் அதிகாரம் அப்படி இல்லை. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் வராது, நீதிபதியே எந்தக் கட்டத்திலும் தள்ளுபடி செய்யலாம். 1804-இல் ஒரு வாதி கீழ்க் கோர்ட்டில் தோற்றுவிட்டு, இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இருந்ததாக நான் காட்டவில்லையே என்று தானே உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார்! நீங்கள் ஜெயித்தாலும் அதே கத்தி உங்கள் தலைமேல் தொங்கும்.

ஹூஸ்டன் மாமா:
அண்ணன் சொன்னது சரி. நான் அந்த ஒப்பந்த வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். வேலை நடந்த இடம் நியூஜெர்சி என்பதால் சாதாரணமாக அங்கே வென்யூ வாதாட இடம் உண்டு. ஆனால் இப்படி எழுதிக் கொடுத்த பிறகு, அதைப் பெரும்பாலும் அப்படியே அமல்படுத்த வேண்டும் என்று 2013-இல் அட்லாண்டிக் மரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூஜெர்சி ஸ்டேட் கோர்ட்டில் போட்டாலும் இதே வரியைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

அதனால் காலின் கவுண்டி ஸ்டேட் கோர்ட்தான், அதற்காகப் பயப்படாதீர்கள். ஒப்பந்தத்துக்கு டெக்சாஸ் சட்டம்தான் என்றால் உங்களுக்கு லாபமே: ஒப்பந்த வழக்கில் ஜெயித்தால் வக்கீல் ஃபீஸையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம், 2021 செப்டம்பரிலிருந்து அது எல்எல்சிக்கும் பொருந்தும். ஆனால் முதலில் தொகையை எழுத்தில் கேட்டு, 30 நாள் விட வேண்டும். கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். டெக்சாஸில் ஒப்பந்த மீறலுக்குக் காலவரம்பு 4 வருடம், நியூஜெர்சி மாதிரி 6 இல்லை.

எடிசன்வாசி:
பாக்கி ஆரம்பித்தே இரண்டரை வருடம் ஆகிறது மாமா. கடிதத்தை நானே எழுதலாமா, வக்கீல் வேண்டுமா?

ஹூஸ்டன் மாமா:
நீங்களே எழுதலாம். இன்வாய்ஸ் எண், தொகை, தேதி எல்லாம் போட்டு, போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வருகிற மாதிரி தபாலில் அனுப்புங்கள். வழக்குப் போடும்போது டெக்சாஸ் வக்கீலைப் பிடித்தால் போதும்.