குரக்கன் பானம் அடியில் படிந்துவிடுகிறது: அனுபவமுள்ளவர்கள் உதவவும்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். பசுப்பால் ஒத்துக்கொள்ளாத என் மகளுக்காக, திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் தொடங்கிய குரக்கன் பானத்தை இப்போது அயலவர்கள் சிலரும் கேட்டு வாங்குகிறார்கள். குரக்கனை 12 மணித்தியாலம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் அரைத்து வடித்துத் தேங்காய்ப்பால் சேர்க்கிறேன். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருந்தாலும், அதிலுள்ள பைற்றிக் அமிலம் அதனை உடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், அந்த அமிலத்தைக் குறைக்கும் முளைகட்டுவதை நான் கைவிடுவதாயில்லை.

நேரடியாகக் கொதிக்கவிட்டால் மாப்பொருள் பசையாகிப் பானம் கூழாகிவிடுகிறது (அம்மம்மா அதையே ஆசையாகக் குடித்துவிடுவார், அது வேறு கதை). முளையிலுள்ள அமைலேசு நொதியம் மாப்பொருளை உடைக்கட்டும் என்று, 60 முதல் 65 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் வைத்திருந்து பின்னர் கொதிக்கவைத்தபோது, பானம் இளகி இலேசாக இனிக்கவும் செய்தது. ஆனாலும் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு கழிந்ததும், போத்தலின் அடியில் இரண்டு விரற்கடைக்குச் செம்மண் நிறத்தில் படிந்து, மேலே கலங்கிய தண்ணீர் நிற்கிறது. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் வெள்ளைக் கட்டியாக மிதக்கிறது. கல்சியத்தின் பெரும்பங்கு தானியத்தின் தோலில் இருப்பதால், இன்னும் மெல்லிய துணியில் வடிக்க மனம் வரவில்லை.

கொழுப்பு பிரியாமலிருக்க லெசித்தின் அல்லது அடியில் படியாமல் பானத்தைத் தடிப்பாக்கக் குவார் கோந்து சேர்த்துப் பார்த்தவர்கள், ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் சேர்த்தீர்கள், வாயில் வழுவழுப்புத் தட்டியதா என்று தயவுசெய்து எழுதுங்கள். அமிலம் குறைந்த பானத்தில் நச்சுக் கிருமிகள் வளரக்கூடுமென்பதால், மூடி முத்திரையிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். திருகோணமலையிலோ கிண்ணியாவிலோ தானியத்தை மிக நுண்மையாக ஈர அரைவை செய்து தருபவர்கள் இருந்தால், அவர்களின் விபரத்தையும் அறியத்தாருங்கள்.