நினைவு நாளுக்கு தண்ணீர் ராக்கெட்: லாஞ்சர், இடம் பற்றி யோசனை வேணும்

தோவாளை_தெக்கூர்:
மகேந்திரகிரியில இஸ்ரோவோட திரவ எஞ்சின் சோதனைப் பிரிவுல இருந்து ஓய்வு பெற்று, போன வருசம் மறைஞ்ச எங்க ஊர் பொறியாளர் அண்ணாச்சிக்கு பங்குனி கடைசியில முதல் நினைவு நாள். கடைசி வரை பிள்ளைகளைக் கூட்டி காகித விமானம் மடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். இந்தத் தடவை மாலை, பேச்சு எல்லாம் குறைச்சு, ஆறாம் வகுப்புக்கு மேல உள்ள பிள்ளைகளை வெச்சு தண்ணீர் ராக்கெட் (பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, காற்றை அழுத்தி ஏத்தி மேலே விடுறது) விடலாம்னு இருக்கோம். அதைப் பிடிச்சு வெச்சு விடுற லாஞ்சர் எப்படிச் செய்ய?

பழையாறு:
பாட்டில்: 2 லிட்டர் சோடா, கோலா பாட்டில் மட்டும். குடிதண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது.

குழாய்: அரை இன்ச் வெள்ளை யுபிவிசி. வெளிவிட்டம் 21.3 மி.மீ., பாட்டில் கழுத்துக்குள்ள சரியா ஏறும். கடைக்காரர் சிபிவிசி எடுத்துத் தந்தா வாங்காதீங்க, அது 16 மி.மீ. தான். அரத்தால வரி போட்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டுங்க. பாட்டில் கழுத்து வளையத்தைப் பிடிக்க குழாயைச் சுத்தி கேபிள் டை ஒரு டஜன், அதோட தலைகளை இறுக்கிப் பிடிக்க ஒன்றரை இன்ச் குழாய்த் துண்டு. அதுல கயிறு கட்டிக் கீழே இழுத்தா ராக்கெட் விடுபடும்.

காற்று ஏத்த குழாயோட அடிமூடியில 11.5 மி.மீ. துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு. பக்கத்துல ஒரு பால் வால்வு கட்டாயம் வேணும். ராக்கெட் சிக்கிக்கிட்டா காற்றை இறக்க வேற வழி கிடையாது, கிட்ட போய்த் தட்டிப் பார்க்கிறவன் முகத்துலதான் அடிக்கும்.

தண்ணி 600 மி.லி., அழுத்தம் 50 பிஎஸ்ஐ. அதுக்கு மேல வேண்டாம். சிறகை ஹாட் குளூ வெச்சு ஒட்டாதீங்க, சூட்டுல பாட்டில் இளகி அந்த இடத்துலதான் வெடிக்கும். இரட்டைப் பக்க டேப் போதும்.

ஆரல்_காத்து:
கும்பப்பூ நெல் அறுப்பு முடிஞ்ச வயலா பாருங்க. தென்னந்தோப்பும் கரண்டு கம்பியும் நூறு மீட்டருக்குள்ள இருக்கக் கூடாது. காலை ஒன்பதுக்குள்ள முடிங்க, அப்புறம் கடல்காற்று ஏறும். ஆனி, ஆடியில இதை நினைச்சே பார்க்காதீங்க, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து ராக்கெட்டை முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கொண்டுபோயிடும் :)

ராக்கெட் குட்டிக்கரணம் போட்டா மூக்குல எடை பத்தல. 50 கிராம் களிமண் வெச்சு, எடைமையத்துல நூல் கட்டிச் சுத்திப் பாருங்க. மூக்கு முன்னால போனா சரி, பக்கவாட்டுல திரும்பினா இன்னும் களிமண். சிறகு பெருசா போனாலும் தொல்லை, காத்து வர்ற பக்கமே தலை திரும்பும்.

பழையாறு:
இன்னொண்ணு. அண்ணாச்சி பார்த்த வேலை பறக்கவிடுறது இல்லியே, எஞ்சினைக் கட்டிப்போட்டு எரிச்சு அளக்கிறது. அதையும் செஞ்சு காட்டலாமே?

கழுத்து முழுசாத் திறந்தா 50 பிஎஸ்ஐ-ல 26 கிலோ உந்துவிசை, ஆனா பத்தில் ஒரு விநாடிக்குள்ள தண்ணி தீர்ந்துடும், அளக்க முடியாது. தோட்டக் குழாய் குவிக் கனெக்டர் மாட்டினா 9 மி.மீ. வாய், கணக்குல நாலரைக் கிலோ, அரை விநாடி வரும். பாட்டில் வாய் கீழே பார்த்து இருக்கணும், மேலே பார்த்தா வெறும் காத்துதான் போகும். அடியில கம்பியில கட்டின 10 கிலோ ஸ்பிரிங் தராசை பாட்டில் மேல்நோக்கி இழுக்க விட்டு, போன்ல ஸ்லோ மோஷன் எடுங்க. முள் முதல்ல துள்ளும், அதை விட்டுட்டு அடுத்த ஃபிரேம்களைப் படிக்கணும். பாட்டில், தண்ணி எடை சேர்த்துக் கூட்ட மறக்காதீங்க.

பக்கத்துல ஒரு அட்டையில எழுதி வைங்க: இஸ்ரோ ராக்கெட்டுகள்ல உள்ள விகாஸ் திரவ எஞ்சின், உந்துவிசை ஏறக்குறைய 80 டன்.

தோவாளை_தெக்கூர்:
தராசு மளிகைக் கடையில இருக்கு. வால்வு வாங்க நாளைக்கு நாகர்கோவில் போறேன்.