நட்பைக் கெடுத்தது தடியனா, ஒல்லியா? செகாவின் இரண்டு பக்கக் கதை

குன்னூர்க்காரன்:

போன ஞாயிறு குன்னூரில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து ருஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘தடியனும் ஒல்லியும்’ கதையை வரி வரியாக வாசித்தோம். இரண்டு மணி நேரம் பேசியும் தீரவில்லை, அதனால் இங்கே வைக்கிறேன்.

படிக்காதவர்களுக்காக: மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடிய நிக்கலாயெவ்ஸ்கி ரயில்பாதை. அதன் ஸ்டேஷனில் பள்ளித் தோழர்கள் இருவர் பல வருடம் கழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று முறை முத்தம், இருவர் கண்ணிலும் நீர். ஒல்லி மனைவியையும் மகனையும் காட்டுகிறான், பள்ளிக்கூடப் பட்டப்பெயர்களைச் சொல்லிச் சிரிக்கிறான். எட்டாம் தரத்து அரசு உத்தியோகம் (எண் குறையக் குறையப் பதவி பெரிது), மனைவி சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறாள், நான் மரத்தில் சிகரெட் பெட்டி செய்து ஒன்று ஒரு ரூபிளுக்கு விற்கிறேன் என்கிறான். நீ இந்நேரம் ஐந்தாம் தரத்துக்கு வந்திருப்பாயே என்று கேட்கிறான். இன்னும் மேலே போ, மூன்றாம் தரம், இரண்டு நட்சத்திரப் பதக்கம் இருக்கிறது என்கிறான் தடியன்.

அவ்வளவுதான். ஒல்லி வெளுத்து, கூனி, குறுகி, “மேன்மை தங்கியவரே” என்று ஆரம்பித்துவிடுகிறான். நாம் சின்ன வயதுத் தோழர்கள், எதற்கு இந்த மரியாதையெல்லாம் என்று தடியன் தடுத்தும் நிற்கவில்லை. கடைசியில் தடியனுக்குக் குமட்டுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டி விடைபெறுகிறான்.

நட்பைக் கொன்றது ஒல்லி ஒருவன்தான் என்பது என் கட்சி. கதை 1883-இல் பத்திரிகையில் வந்தபோது தடியன் ஒல்லிக்கு நேரடி மேலதிகாரி, அவனைக் கடிந்தும் பேசுவான். 1886-இல் தொகுப்பில் சேர்த்தபோது செகாவ் அதை அடியோடு எடுத்துவிட்டார். இப்போது தடியனால் ஒல்லிக்கு ஆக வேண்டியதும் இல்லை, போக வேண்டியதும் இல்லை. யாரும் கேட்காமலே குனிகிறான். எழுதியவரே சாட்சி சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும்?

லயத்துப்பிள்ளை:

ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘யாரும் கேட்காமலே’ என்பது மேலே நிற்கிறவர் கண்ணுக்கு. மகா பீட்டர் 1722-இல் கொண்டுவந்த பட்டியலில் பதினான்கு தரம். ஒவ்வொரு தரத்தையும் எப்படி விளிக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. எட்டிலிருந்து மூன்றுக்கு ஐந்து படி. அந்த ஒல்லி கேட்டு வளர்ந்தது முழுக்க அந்தப் பேச்சுதான்.

ருஷ்ய மூலத்தில் இன்னொன்று இருக்கிறது. பதவி தெரிந்ததும் ஒல்லியின் வார்த்தைகள் பலவற்றின் வாலில் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொள்கிறது. ‘ஐயா’ என்பதன் தேய்ந்த மிச்சம் அது. சிரிப்புக்குக்கூட, ‘ஹி-ஹி-ஸ்’. நம் பக்கத்து ‘ங்க’ மாதிரி. சரிங்க, ஆமாங்க, இல்லீங்க. அதை யோசித்தா ஒட்டுகிறோம்?

நான் ஏழாவது படிக்கும்போது நடந்தது. அப்பாவுக்கு எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற வேலை. ஒருநாள் குன்னூர் ஸ்டேஷனில், மேட்டுப்பாளையத்து வண்டி வந்து நின்ற நேரம், “டேய்!” என்று ஒருவர் ஓடி வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை ஒரே பலகை. அப்பாவும் “டேய், நீயாடா!” என்று கட்டிக்கொண்டார். அப்போது ஃபைலோடு ஒருவர் வந்து, “சார், ஜீப் ரெடி” என்றார். அப்பா ஜீப்பைப் பார்த்தார். தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா, சார்?” என்றார்.

அந்த மனிதர், “என்னப்பா இது, புதுசா?” என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். தடியனும் அப்படித்தான், ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டிவிட்டான். குமட்டுகிறதாம். வயிறு நிறைந்தவனுக்குத்தான் குமட்டும். உதட்டில் வெண்ணெய் மினுங்க வந்தவன்தானே அவன்.

கோத்தகிரிச் செல்வி:

வெண்ணெயைச் சொன்னீர்கள், வாசனையையும் சொல்லுங்கள். இருவரும் வாயைத் திறக்கும் முன்பே தடியன் மேல் ஷெர்ரி மதுவும் ஆரஞ்சுப் பூவும் மணக்கிறது என்று செகாவ் எழுதிவிடுகிறார். ஒல்லியிடம் பன்றி இறைச்சியும் காபிச் சக்கையும். மேடு பள்ளம் முகர்ந்தாலே தெரிகிற தூரத்தில் இருந்தது. அப்படியும் கட்டிக்கொண்டார்கள். வாசனை பிரிக்கவில்லை, பதவியின் பெயர்தான் பிரித்தது. இதில் நான் குன்னூர்க்காரர் பக்கம்.

ஆனால் நான் பள்ளியில் பாடம் எடுப்பவள், என் கண் அந்தப் பையன் மேலேயே போகிறது. முதலில் சற்று யோசித்துத் தொப்பியைக் கழற்றுகிறான். பிறகு சற்று யோசித்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான். அதுவரை பிள்ளை. பதவி காதில் விழுந்ததும் விறைத்து நின்று சீருடைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொள்கிறான். பெட்டியும் மூட்டையும்கூடச் சுருங்கின என்று எழுதுகிறாரே, அதைப் படிக்கும்போது வராத கலக்கம் அந்தப் பொத்தானில் எனக்கு வந்தது. இந்தத் தடவை அவன் யோசிக்கவே இல்லை.

லயத்துப்பிள்ளை, அன்று அப்பாவுக்குப் பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள்?

குன்னூர்க்காரன்:

டீ வாங்கிக் கொடுத்திருந்தால் அப்பா உட்கார்ந்திருப்பாரா? தடியன் இன்னொரு முறை மறுத்துச் சொல்லத்தான் வாயெடுக்கிறான். அந்த முகத்தில் வழிந்த பக்தியைப் பார்த்த பிறகுதான் குமட்டல். அது திமிரில் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை, அவனும் தோழனைத்தான் தேடுகிறான். உங்களைப் புண்படுத்தக் கேட்கவில்லை: அப்பா அதற்காக வருத்தப்பட்டாரா?

லயத்துப்பிள்ளை:

இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னார். லயத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் சொன்னார். “எவ்வளவு பெரிய ஆபீசர், என் தோள்ல கை போட்டாரு.” பொங்கல் வரைக்கும் இதே பேச்சு.

அதனால்தான் கடைசி வரியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கட்டிக்கொண்டபோது ‘இருவரும்’ இன்பத்தில் திகைத்துப் போனார்கள் என்று வருகிறது. முடிவிலும் அதே சொற்கள், ஆனால் ‘மூவரும்’. ஒல்லி, மனைவி, மகன். தடியன் கணக்கில் இல்லை. ஒல்லி எதையும் இழக்கவில்லை, குன்னூர்க்காரரே. நீட்டிய கையில் மூன்று விரலை மட்டும் பிடித்தவனுக்கு அந்த மூன்று விரலே போதுமாக இருந்தது. தோழனை இழந்தது தடியன் ஒருவன்தான். தடியனைக் குற்றம் சொல்லத்தான் இங்கே வந்தேன். இப்போது அவனை நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் எங்கள் அப்பாதான் கொன்றார் என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

செல்வி டீச்சர், நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. காலையில் மழை பெய்திருந்தது, பிளாட்பாரம் ஜில்லென்று இருந்தது.