அடிபட்ட காலை மட்டும் பார்த்தால் போதாது: குதிரையைத் தேற்றும் லாய அனுபவங்கள்

லாயத்து நர்ஸ்

சிங்கப்பூரின் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியாயிற்று. குதிரைக் கால் காயத்தை அன்றாடம் பார்த்துப் பழகிய கைகளும் அதோடு சிதறிவிட்டன. சவாரிக் குதிரைகளில் பல, பழைய பந்தயக் குதிரைகள். டெண்டனில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில், பழைய தழும்போடு வருபவை. ஆகவே தெரிந்தவர்கள் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். யாருடைய குதிரை, எந்த லாயம் என்பதெல்லாம் வேண்டாம். எதை, எவ்வளவு, எத்தனை தடவை, எங்கே தவறும் என்பது போதும்.

முதல் மூன்று நாளை நான் எழுதுகிறேன். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்பக்கம் வாழைப்பழம் போலப் புடைத்து, தொட்டால் சுட்டு, அமுக்கினால் குதிரை காலை இழுத்துக்கொண்டால் டெண்டன் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். குளிர்நாட்டுப் புத்தகங்கள் குழாய்த் தண்ணீரைக் காலில் அடிக்கச் சொல்லும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பானது; அது சூட்டை இறக்காது. ஐஸ் வேண்டும். உயரமான வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், முட்டிக்குச் சற்றுக் கீழ் வரை, 20 நிமிடம். பிறகு ஒரு மணி நேரமாவது இடைவெளி. நாளுக்கு நான்கைந்து தடவை, மூன்று நாள். ஐஸ் பையை வெறும் தோலில் கட்டாதீர்கள். நடுவே ஈரத்துணி இருக்கட்டும். தைலம் தேய்ப்பது, நீவிவிடுவது, “நடக்கிறதா பார்ப்போம்” என்று நடத்திப் பார்ப்பது, மூன்றும் கூடாது. ஸ்கேனுக்கும் அவசரம் வேண்டாம். கிழிசல் முதல் சில நாளில் பெரிதாகும்; ஒரு வாரம் கழித்து எடுக்கும் படமே உண்மையான அளவைக் காட்டும்.

காலை ஊன்றவே மறுக்கிறது, கோணலாகத் தெரிகிறது, ஏதோ உரசும் சத்தம் வருகிறது என்றால் கதை வேறு. எலும்பு என்று நினைத்து, நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். பஞ்சை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் கட்டுத்துணியால் இறுக்கி, கால் மூன்று மடங்கு பருமனாகும் வரை சுற்ற வேண்டும். முட்டிக்குக் கீழே கேனன் எலும்பின் நடுவில் முறிவு என்றால் கட்டு முழங்கை (நெஞ்சை ஒட்டிய மேல் மூட்டு) வரை போக வேண்டும். நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாய் இரண்டு: ஒன்று பின்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். லாரியில் ஏற்றும்போது முன்னங்கால் அடி என்றால் குதிரையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கட்டும். பிரேக் பிடித்தால் பாரம் நல்ல பின்னங்கால்களுக்குப் போகும். பின்னங்கால் அடி என்றால் முகம் முன்பக்கம்.

பழைய சைஸ்

சைஸ்னா குதிரையைப் பராமரிக்கிறவன், அதான் நான். அக்கா சொன்ன ஐஸ் முடிஞ்சதும் கால் நல்லாக் காயணும். இதுலதான் நம்ம ஊர்ல பாதிப் பேர் தவறுறாங்க. ஈரக் கால்ல பஞ்சு சுத்தினா இந்தப் புழுக்கத்துக்கு ரெண்டே நாள்ல தோல் ஊறி வெளுத்துடும், மயிர் கொத்துக் கொத்தா உரியும். அப்புறம் புண்ணு ஒரு பக்கம், டெண்டன் ஒரு பக்கம்னு ரெண்டு வைத்தியம் பார்க்கணும்.

கட்டுற விதம் சொல்றேன். பஞ்சு மெத்தை அமுக்காத நிலையில 2.5 செ.மீ. தடிமன், சுருக்கம் இல்லாம. மேல கட்டுத்துணி. இடது காலோ வலது காலோ, முன்னாலேருந்து வெளிப்பக்கம், அங்கேருந்து பின்னால, அப்புறம் உட்பக்கம்னு சுத்துங்க. ஆரம்ப முனையை முன் எலும்பு மேல வைங்க, டெண்டன் மேல வைக்காதீங்க. இழுக்குறதும் எலும்பு மேல வரும்போதுதான். ஒவ்வொரு சுத்தும் முந்தினதுல பாதியை மூடணும். கால் நடுவுல ஆரம்பிச்சு கீழ போய், ஃபெட்லாக் மூட்டுக்கு (குளம்புக்கு மேல இருக்குற மூட்டு) கீழ தாங்கல் குடுத்து, மேல வந்து முடிங்க. மேலயும் கீழயும் ஒரு விரல்கிடை பஞ்சு வெளிய தெரியணும். ஒட்டுப்பட்டை வெளிப்பக்கம்.

ஒரே ஒரு சுத்து மட்டும் இறுகினாலும் அந்த இடத்துல டெண்டன் நசுங்கிப் புதுசா வீங்கும். கட்டு போட்டதால வந்த காயம் அது. அதனால 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்து, தடவிப் பார்த்து, ஒரு மணி நேரம் காத்தாட விட்டுத்தான் திரும்பக் கட்டணும். தோல்ல பொருக்கு தெரிஞ்சா குளோர்ஹெக்ஸிடின்ங்கிற கிருமிநாசினிக் கரைசல்ல கழுவி, ஒத்தி எடுத்து, ஃபேன் காத்துல காய வைங்க.

இன்னொண்ணு. அடிபட்ட காலுக்குக் கட்டினா எதிர்க் காலுக்கும் கட்டு. அதுதான் ரெண்டு காலு வேலையையும் பார்த்துக்கிட்டு நிக்குது.

லாடக்காரர்

அண்ணன் கடைசியில் சொன்னதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். கால் அடிபட்ட குதிரைகளில் நல்ல காலால் சாகிறவை உண்டு. ஊரறிந்த உதாரணம் பார்பரோ. 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற குதிரை. இரண்டு வாரம் கழித்து பிரீக்னெஸ் பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியாவில் தகடு வைத்து, திருகு போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு ஓரளவு கூடியும் வந்தது. ஆனால் ஜூலையில், பாரம் தாங்கிய இடது பின்னங்குளம்பில் லேமினைட்டிஸ் (குளம்பின் உள்ளடுக்கு அழற்சி) வந்தது. பிறகு முன்னங்கால்களுக்கும் பரவி, 2007 ஜனவரி 29இல் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அத்தனை மருத்துவர்கள் சூழ்ந்திருந்த குதிரைக்கே அந்த நிலை.

காரணம் இது. குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு பிடித்துவைக்கும் மெல்லிய அடுக்குகளுக்கு, காலைத் தூக்கி ஊன்றும்போதுதான் இரத்தம் சீராகப் போய்வரும். 500 கிலோ குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்கள் இரண்டில் இறங்குகிறது. அதாவது காலுக்கு 150 கிலோ. ஒரு கால் ஒதுங்கினால் மற்றது 300 கிலோவை இரவும் பகலும் அசையாமல் சுமக்கும். அடுக்குகள் பட்டினி கிடந்து பிடிப்பை விடும்.

எனவே முதல் நாளே நல்ல கால் குளம்பின் அடியில் தாங்கல் வையுங்கள். அடியில் முக்கோணமாக, ரப்பர் போல இருக்கும் ஃப்ராக் பகுதிக்கு அழுத்தம் கிடைக்கும்படி தடித்த ஃபோம் அட்டையை வெட்டி டேப் போட்டு ஒட்டலாம். பிறகு லாடக்காரர் முறையான பேட் போடுவார். தரையில் ரப்பர் பாய், அதன் மேல் மரச்சீவல் 15 செ.மீ. குளம்பைச் சீவும் வேலையை ஓய்வில் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். 4 அல்லது 5 வாரத்துக்கு ஒரு தடவை. முன்நுனி நீண்டால் டெண்டனுக்கும் இழுப்பு கூடும்.

காலையும் மாலையும் ஃபெட்லாக்கின் பின்புறம், இரு ஓரத்திலும் விரல் வைத்து நாடி பாருங்கள். நல்ல நிலையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடாமலே விரலில் குதித்தால், குளம்பும் மணிக்கணக்காகச் சூடாக இருந்தால், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எல்லாரும் ஏமாறும் அறிகுறி ஒன்று உண்டு: நொண்டிக்கொண்டிருந்த குதிரை திடீரென்று அடிபட்ட காலை நன்றாக ஊன்றி நிற்கும். “தேறிவிட்டது” என்று மகிழ்வார்கள். அது தேறவில்லை. நல்ல கால் அதைவிட அதிகமாக வலிக்க ஆரம்பித்திருக்கிறது.

தீவனம் பார்ப்பவர்

குளம்புக்கு அடுத்து வயிறு. வேலை நின்ற அன்றே ஓட்ஸ், பெல்லட் போன்ற கெட்டித் தீவனத்தைப் பாதியாக்கி, ஒரு வாரத்தில் கைப்பிடி அளவுக்கு இறக்குங்கள். அந்த மாவுச்சத்து, நிற்கும் குதிரையின் தலைக்கும் குளம்புக்கும்தான் ஏறும். தேக்காவில் (லிட்டில் இந்தியா) கொள்ளு கிடைக்கிறது, ஊரில் குதிரைக்கு அதுதான் என்று வாங்கி வருபவர்கள் உண்டு. பாசம் புரிகிறது, ஆனால் கொள்ளு உழைக்கிற குதிரைக்கு உரியது. ஓய்வில் இருப்பதற்குக் காய்ந்த புல்தான் சாப்பாடு: உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு, 500 கிலோவுக்கு நாளுக்கு 7.5 முதல் 10 கிலோ. தராசில் நிறுத்துப் போடுங்கள். 3 செ.மீ. கண்ணுள்ள வலையில் நாலைந்து தடவையாகப் பிரித்துக் கட்டினால் இரவிலும் வாய் வேலை செய்யும். வெறும் வயிறு நாலைந்து மணி நேரம் நீண்டாலே இரைப்பையில் அமிலம் புண்ணாக்கும்.

நடக்காத குதிரையின் குடலும் நடக்காது. சாணத்தை எண்ணுங்கள். நாளுக்கு 8 முதல் 12 தடவை போட வேண்டும். 5 ஆகக் குறைந்து, உருண்டை சிறுத்து, மேலே சளி போலப் பளபளத்தால் அடைப்பு வரப்போகிறது. அன்றே புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள்; மருத்துவரிடமும் சொல்லுங்கள். தானியங்கித் தொட்டியை மூடிவிட்டு அளவு கோடு போட்ட வாளிகளில் தண்ணீர் வைப்பது நல்லது. எத்தனை லிட்டர் குடித்தது என்பது அப்போதுதான் தெரியும். இங்கே 30 லிட்டருக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். உப்பு நாளுக்கு 30 கிராம், ஈரத் தீவனத்தில் கலந்து.

பியூட் என்ற வலிநிவாரணித் தூள் பற்றி. “கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்” என்பது இந்த மருந்துக்கும் பொருந்தும். கசப்பு. வெல்லப்பாகில் குழைத்து ஊசியில்லா சிரிஞ்சால் கடைவாய் ஓரத்தில் தள்ளினால் வீணாகாது. அளவு மருத்துவருடையது. அதோடு இன்னொரு வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குப் பியூட் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீண்ட நாள் போனால் பெருங்குடலில் புண்.

சிங்கப்பூருக்கே உரிய ஒன்றைச் சேர்க்கிறேன். ஈர வெப்பத்தில் சில குதிரைகளுக்கு வியர்வை நின்றுபோகும். பிற்பகல் 2 மணிக்குத் தோல் காய்ந்து, விலா வேகமாக அடித்தால் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 வரை சரி. 39ஐத் தாண்டினால் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, ஃபேன் முன் நிறுத்துங்கள். வெறும் பனித்தூவல் ஃபேன் நம் ஈரப்பதத்தில் பெரிதாக உதவாது, காற்றோட்டம்தான் முக்கியம். மின்கம்பி பல்லுக்கு எட்டாமல் இருக்கட்டும்.

லாயத்து நர்ஸ்

மாவுக்கட்டு போட்ட குதிரை வைத்திருப்பவர்களுக்கு: ஈ எங்கே மொய்க்கிறது என்று பாருங்கள். கட்டின் ஒரே இடத்தில் மொய்த்தால் உள்ளே புண். அந்த இடம் கைக்குச் சூடாக இருப்பது, கறை ஊறுவது, நேற்று ஊன்றியது இன்று ஊன்ற மறுப்பது, எல்லாம் அதே செய்தி. நாளை வரை காத்திருக்காதீர்கள்.

நடைப் பயிற்சி பார்ப்பவர்

டெண்டனுக்கு நாள்கணக்கு. கிழிந்த இடத்தில் முதலில் வருவது டைப் 3 கொலாஜன், தாறுமாறாகக் கிடக்கும் தழும்பு. அது நீளவாக்கில் ஒழுங்காகி டைப் 1 ஆக மாற அளவான இழுப்பு வேண்டும், காலமும் வேண்டும். அசைவே இல்லாவிட்டால் தழும்பு கோணலாக இறுகும். அதிகமானால் திரும்பக் கிழியும்.

வீக்கமும் சூடும் இறங்கி, மருத்துவர் சரி என்ற பின், கையில் பிடித்து 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். எட்டாம் வாரத்தில் 40 நிமிடம் வரும். மூன்றாம் மாத முடிவில் ஸ்கேன். படம் நன்றாக இருந்தால் சேணம் போட்டு ஆள் ஏறி நடை. நான்காம் மாதத்தில் 5 நிமிட டிராட் (மெதுவோட்டம்), இரண்டு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி. ஆறாம் மாதம் மறுபடி ஸ்கேன், பிறகே கேன்டர் (அதைவிட வேகமான தாவோட்டம்). முழு வேலைக்கு 10 முதல் 12 மாதம். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் டெண்டனின் குறுக்களவு 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் முந்தின கட்டத்துக்கு இறங்குங்கள். அதிகம் கெடுவது நான்காம் ஐந்தாம் மாதத்தில். நொண்டல் இல்லை, வீக்கம் இல்லை, குதிரை துள்ளுகிறது. ஆளுக்குப் பொறுமை போய்விடுகிறது. நொண்டாத கால் ஆறிய கால் அல்ல.

தளம் கெட்டியாக, சமமாக இருக்கட்டும். ஆழ மணல் டெண்டனை இழுக்கும். நேர்க்கோட்டில் நடத்தி, அகலமாகத் திருப்புங்கள். விடியலில் சுமத்ரா காற்று (இடிமழையோடு வீசும் பலத்த காற்று) வரும் மாதங்களில் வானம் கறுத்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள்; ஓர் இடிக்கு மிரண்டு எழும்பினால் மூன்று மாத உழைப்பு போயிற்று. மூக்குக்கு மேல் சங்கிலி, கையுறை, தலைக்கவசம், துள்ளும் குதிரைக்கு இரண்டு ஆள்.

பழைய சைஸ்

தம்பி, நீச்சல்குளத்தை விட்டுட்டீங்க. மூச்சுக்கும் மனசுக்கும் நல்லதுதானே?

நடைப் பயிற்சி பார்ப்பவர்

மூச்சுக்கு நல்லதுதான் அண்ணே. ஆனால் தண்ணீரில் கால் பாரம் தாங்குவதில்லை. எலும்பும் டெண்டனும் தரையில்தான் உறுதிப்படும். குளத்தில் நன்றாகத் தேறிய குதிரையின் இதயம் தயாராக இருக்கும், கால் இருக்காது. அந்த இடைவெளிதான் ஆபத்து. காயமும் தையலும் மூடிய பின், நடைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். நடைக்குப் பதிலாக வேண்டாம். சறுக்கு வழியில் இறங்கி ஏறும்போது வழுக்காத பாய் கட்டாயம்.

லாயத்து நர்ஸ்

வெளியே அவிழ்த்து விடும் முதல் நாளைப் பலர் கேட்டிருக்கிறார்கள். மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம். சொன்ன பிறகும் பெரிய வெளி வேண்டாம். இரண்டு லாய அறை அளவுக்கு அடைப்பு போதும். அன்றைய நடை முடிந்து, களைப்பும் பசியும் இருக்கும்போது விடுங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும். புல்லை ஐந்தாறு இடத்தில் முன்பே போட்டுவையுங்கள். பக்கத்து அடைப்பில் சாதுவான குதிரை ஒன்று கண்ணுக்குத் தெரிய நிற்கட்டும். மயக்க மருந்து சிறிய அளவில் தேவையா என்று முந்தின நாளே கேளுங்கள். பொலிக்குதிரைக்கு ஏஸ்புரோமசின் என்ற மயக்க மருந்து என்றால் ஆணுறுப்பு உள்ளே திரும்பாமல் போகும் அபாயம் உண்டு, அதையும் சொல்லிக் கேளுங்கள். கயிற்றை அவிழ்க்கும் முன் குதிரையின் முகத்தை வாசல் பக்கம், உங்களை நோக்கித் திருப்புங்கள். அவிழ்த்ததும் ஓட நினைத்தாலும் அது முதலில் திரும்பியாக வேண்டும், நீங்களும் உதைக்கு எட்டாத இடத்தில் இருப்பீர்கள். கால் மணி நேரம் போதும். புல்லிலிருந்து தலை நிமிரும் முன்பே பிடித்து உள்ளே கொண்டுவந்து, இரண்டு முன்னங்கால்களையும் ஒரே நேரத்தில் இரு கையால் தடவிச் சூட்டை ஒப்பிடுங்கள். மறுநாள் காலை கட்டு அவிழ்த்ததும் அதே சோதனை.